இரண்டாம் நிலைக் கோர்களின் துயிலெழுச்சி: மேற்குத் தாம்பரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கரண்ட் வந்ததும் கணினியின் நான்கு கோர்களும் ஒன்றாக வேலையில் இறங்கிவிடும் என்றே பொதுமக்கள் நம்புகிறார்கள். முடிச்சூர் சாலையில் மின்வெட்டு முடிந்து எல்லா வீட்டு ஃபேனும் ஒருசேரச் சுற்றுவதைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை. பெரும்பாலும் முதற்கோர் ஒன்றுதான் பூட்லோடரை ஓட்டும். மற்ற மூன்றும், பள்ளிக்குப் போகும் இரு பிள்ளைகளும் அவர்களைப் பெற்ற தகப்பனும் போல, கூப்பிடும்வரை கிடக்கும்.

இத்துறையின் மூலநூல் திருப்பாவை. 6 முதல் 15 வரையிலான பாசுரங்களில் தோழியர் பத்துப் பேர் ஒவ்வொருவராக எழுப்பப்படுகின்றனர். x86 கணினிகளில் லினக்ஸும் 2023 வரை கோர்களை இப்படி ஒவ்வொன்றாகத்தான் எழுப்பிவந்தது. 15-ஆம் பாசுரத்தில் உள்ளே இருப்பவள் பதிலுக்குப் பதில் பேசுகிறாள். பதில் வந்தால் ஆள் எழுந்தாயிற்று என்று கொள்ளலாமா? நம் ஆய்வு வினா இதுவே.

இன்டெல் மரபு பதிலுக்குக் காத்திருப்பதில்லை. முதலில் ஓர் உலுக்கல், 10 மில்லிவிநாடி பொறுமை, ஒரு குரல், 200 மைக்ரோவிநாடி கழித்து அதே குரல் மறுபடி. எழும் கோர் 16 பிட் நிலையில், 8086 சிப் வெளிவந்த 1978-லேயே இருப்பதாக எண்ணிக் கண் திறக்கும். அதை 64 பிட்டுக்குக் கைப்பிடித்துக் கூட்டிவர வேண்டும். திங்கட்கிழமையை ஞாயிறென்று நம்பி விழித்து, பாயில் உட்கார்ந்தபடி சுவரையே பார்க்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவனிடமும் இந்நிலை காணப்பட்டது.

சென்னை ஐஐடியின் ஷக்தி பிராசஸர் சார்ந்த ரிஸ்க்-ஃபைவ் மரபில் லினக்ஸ் ஒரு லாட்டரி நடத்துவதுண்டு. எல்லாக் கோர்களும் ஒரே எண்ணைக் கூட்டப் பாயும். முந்தியதற்கு வேலை, பிந்தியவற்றுக்கு ஓய்வு. பரிசு விழுந்தவர் உழைக்கும் விசித்திர லாட்டரி! தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-இல் தடை வந்ததாலோ என்னவோ, இவ்வட்டாரத்து வீடுகளில் குலுக்கலே கிடையாது. அடுப்பைப் பற்றவைக்கும் முறை தினமும் ஒருவருக்கே விழுகிறது.

ஆர்ம் மரபே நம் வினாவுக்கு நேரடியாக முகம் கொடுக்கிறது. ஒரு கோரை எழுப்பு என்றால் ஃபர்ம்வேர் எண்ணில் பதில் தரும். 0 என்றால் உத்தரவு ஏற்கப்பட்டது. -4 என்றால் ஏற்கெனவே எழுந்தாயிற்று. -5 என்றால் எழுந்துகொண்டே இருக்கிறது. களஆய்வில் போர்வைக்குள்ளிருந்து கிடைத்த "எழுந்துட்டேம்மா!" என்ற பதில் இலக்கணப்படி -4, போர்வையை விலக்கிப் பார்த்தால் -5-கூட இல்லை.

ஆகவே லினக்ஸின் கர்னல் இப்பதில்களை முழுதாக நம்புவதில்லை. கோர் தானே வந்து தன் வருகையைப் பதிய வேண்டும். கர்னல் சில விநாடி பார்க்கும். வராவிட்டால் மூன்று கோர்களோடு கிளம்பிவிடும், கடற்கரை மின்ரயிலைப் பிடிக்க வேண்டியவர் கிளம்புவதுபோலவே. வராத கோரைப் பற்றி லாகில் ஓரிரு வரி எழுதிவிட்டு அத்தோடு வாயை மூடிக்கொள்ளும். மேற்குத் தாம்பரத்தில் எந்தத் தாயும் ஓரிரு வரியோடு நிறுத்தியதாகச் சான்றில்லை.