பொன்மலைச் சங்கு

எங்கள் தாத்தா கைக்கடிகாரம் கட்டியதில்லை. பணி ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அதை ஒரு வாரம் பக்கத்தில் வைத்துக் கவனித்துவிட்டு, "சங்குக்கு இது முக்கால் நிமிஷம் பிந்துது" என்று சொல்லி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதன் பிறகு அந்தக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.

சங்கு என்றால் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையின் சங்கு. நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறையை 1920களின் கடைசியில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி பொன்மலைக்கு மாற்றியது. லேத்துகளோடும் பாய்லர்களோடும் சேர்ந்து வந்து இறங்கிய நாகப்பட்டினத்துக்காரர்களில் எங்கள் கொள்ளுத் தாத்தாவும் ஒருவர். அவருக்குப் பின் தாத்தா. அப்ரண்டிஸாக நுழைந்து, பிட்டராகி, சார்ஜ்மேனாக வெளியே வந்தார். காலைச் சங்குக்குக் கிளம்பி மாலைச் சங்குக்குத் திரும்புவார். நடுவில் நைட் ஷிப்ட், ஓ.டி. இந்த வருமானத்தில் தங்கைகள் கல்யாணம், தம்பி படிப்பு, கணவனை இழந்து வந்த தங்கையான எங்கள் பெரியத்தை, தன் பிள்ளைகள் என்று எல்லாரையும் கரையேற்றினார். எப்படி என்று கேட்டால், "ஓ.டி. பார்த்தேன்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

58 வயதில் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், பி.எஃப். பணத்தில் மனை வாங்க வேண்டும். வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஸ்ரீரங்கம் என்றார்கள். தாத்தா புரோக்கரோடு போனார், மனையின் நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு மாலை வரை நின்றார், திரும்பி வந்தார். "தண்ணி நல்லா இருக்கு, பத்திரம் சரியா இருக்கு. சங்கு கேக்கல." ரங்கநாதர் பக்கத்தில் இருக்கிறாரே என்று அப்பாயி சொல்லிப் பார்த்தாள். "அவரு படுத்திருக்காரு. அவருக்கு நேரம் பார்க்க வேண்டியதில்ல." கடைசியில் செந்தண்ணீர்புரத்தில் வீடு. அங்கே சங்கு காதைப் பிளந்தது.

ஓய்வுக்குப் பிறகும் காலைச் சங்குக்குக் குளித்துத் தயாராகி வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். மதியச் சங்குக்கு டிபன் கேரியரைத் திறப்பார். சமையலறை பத்தடி தூரத்தில் இருக்கிறது, ஆனாலும் கேரியர்தான். "உள்ள வந்து தட்டுல சாப்பிட்டா என்னங்க?" என்று அப்பாயி கேட்டபோது, "டூட்டில இருக்கேன்" என்றாராம்.

பட்டறையில் பி.ஓ.எச். என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ரயில் பெட்டியைக் கொண்டுவந்து, கழற்றி, கழுவி, தேய்ந்ததை மாற்றி, பெயிண்ட் அடித்து, தேதியையும் எழுதி அனுப்புவார்கள். பேரப்பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் என்பது தாத்தாவின் கொள்கை. மே மாத விடுமுறைக்குப் போனால், மறுநாள் விடியற்காலை விளக்கெண்ணெய். அழுதாலும் அரற்றினாலும் விடமாட்டார். மூக்கைப் பிடித்து ஒரு கரண்டி, பின்னாலேயே சூடாகக் காபி, அப்புறம் "நட" என்று ஒரு சொல்.

நடந்தால் போதாது, ஓட வேண்டும். பிரச்சினை என்னவென்றால் நாங்கள் ஏழெட்டுப் பேர், கழிப்பறை ஒன்று. வேறொருவராக இருந்தால் கத்திக் கலவரம் செய்திருப்பார். தாத்தா ரயில்வேக்காரர், ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளை மோதாமல் விடுவது எப்படி என்று அந்த இலாகா நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அப்போதெல்லாம் டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்கக் கூடாது. டோக்கன் ஒன்றுதான், ஆகவே வண்டியும் ஒன்றுதான். தாத்தா ஒரு பித்தளை வளையத்தைக் கொல்லைப்புறத் தூணில் ஆணியடித்து மாட்டினார். வளையம் இல்லாதவன் உள்ளே போகக் கூடாது. வெளியே வந்தவன் அடுத்தவன் கையில் அதைக் கொடுக்க வேண்டும். கால் கழுவினானா என்று பார்ப்பது பெரியத்தையின் வேலை.

முறை பிரமாதமானது. ஒரே ஒரு வருஷம்தான் தோற்றது. என் சித்தப்பா மகன் பதற்றத்தில் வளையத்தோடு கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான். டோக்கன் காணாமல் போனால் லைன் பிளாக். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முறுக்கிக்கொண்டிருக்க, தாத்தா அசையவில்லை: "ரூல் ரூல்தான்." அப்பாயி வந்து, "புள்ளைங்க செத்துப்போயிரும், கதவைத் தொறங்க" என்று போட்ட சத்தத்தில்தான் லைன் கிளியர் கிடைத்தது. ஒவ்வொரு வருஷமும் அன்று மாலை, ரசம் சாதம் தின்றுவிட்டு நாங்கள் சுருண்டு கிடக்கையில், கதவுக்குப் பின்னால் எங்கள் பெயர்களை வரிசையாகச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, எதிரே பி.ஓ.எச். தேதியும் அடுத்து வர வேண்டிய தேதியும் போடுவார்.

1974 மே 8ஆம் தேதி நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியபோது நான் பிறக்கவில்லை. ஆனால் அந்தக் கதை எங்கள் குடும்பத்தில் ராமாயணத்துக்குச் சமம். தொழிலாளர்களைத் தேடித் தேடிக் கைது செய்த நேரம். தாத்தா லால்குடி பக்கத்தில் அப்பாயியின் தம்பி வீட்டுக்குத் தலைமறைவாகப் போனார். பரணில் இருக்கச் சொன்னார்கள். முதல் நாள் இருந்தார். இரண்டாம் நாள், கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவது பரண் வரை கேட்டதாம். அதைச் சகிக்க முடியாமல் இறங்கி வந்து சரிசெய்தார். அடுத்து தையல் மிஷின். அதற்கடுத்து எதிர்வீட்டு மோட்டார். ஒரு வாரத்தில் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஓட்டை ஸ்டவ்வோடும் உடைந்த பூட்டோடும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். போலீஸைத் தவிர அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் இருக்குமிடம் தெரியும். மே 27ஆம் தேதி போராட்டத்தை விலக்கிக்கொண்ட செய்தி ரேடியோவில் வந்தபோது மச்சான் முகம் தொங்கிப் போயிற்றாம். "இன்னும் ஒரு நாலு நாள் நடத்தியிருக்கலாமே மாமா, பம்ப்செட்டு அப்படியே கிடக்கு."

தாத்தா ரயில் டிக்கெட் வாங்கியது வாழ்க்கையில் ஒரே முறை என்று நினைக்கிறேன். ரயில்வே பாஸில் மனைவி வரலாம், அவரை அண்டியிருக்கும் தங்கை வரலாம். பேரன் வர முடியாது. ஊட்டிக்குப் போக எனக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று. ஜங்ஷனில் எந்தக் கவுண்ட்டருக்குப் போவது என்று தெரியாமல் நின்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், நான் அவருடைய சொந்த வீட்டில் வாடகை வசூலித்தவன் போல உணர்ந்தேன். வண்டி கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தபோதே பிளாட்பாரத்தில் எங்களை உட்கார வைத்திருந்தார். ரயில்காரருக்கே ரயில் மேல் நம்பிக்கை இல்லையா என்று பெரியத்தை கேட்டாள். "ரிப்பேர் பண்ணி அனுப்புனதே நாங்கதானே. எதெது எப்ப மக்கர் பண்ணும்னு எங்களுக்குத் தெரியும்."

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி வண்டியைப் பார்த்ததும் ஆளே மாறிவிட்டார். அந்த நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. ஆனால் பெரிய பழுது வந்தால் பொன்மலைக்குத்தான் வர வேண்டும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் என்பதால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம். இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். இதையெல்லாம் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உட்பட, அவர் தமிழிலேயே விளக்கினார். அவர்களும் தலையாட்டினார்கள். தண்ணீர் பிடிக்க வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கிப் பின்பக்கம் ஓடுவார். திரும்பும்போது சட்டையில் இன்னும் கொஞ்சம் கரி ஏறியிருக்கும். இந்த வழியில் 16 குகைகள், 208 வளைவுகள். அவர் ஒரு மலையைக்கூட நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தாவரவியல் பூங்காவில் நாங்கள் பூ பார்த்தபோது பெஞ்சில் தூங்கினார். ஊருக்குத் திரும்பியதும் செலவு நோட்டில் எழுதிய வரியை நானே படித்தேன்: "ஊட்டி. பற்சக்கரம் நல்ல நிலை. காபி மோசம்."

அவர் போனபின் வீட்டில் ஒவ்வொன்றாக மக்கர் செய்ய ஆரம்பித்தது. இரும்புக் கட்டிலிலிருந்து இஸ்திரிப்பெட்டி வரை எல்லாவற்றையும் அவர் ஒருமுறையாவது கழற்றித் தன் இஷ்டப்படி மாட்டியிருந்தார். மிக்ஸி நின்றுபோய், கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். அடிப்பக்கத்தைத் திறந்தவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. உள்ளே பித்தளையில் கடைந்த புஷ், தடிமனான வயர், எங்கோ ஒரு ரயில் பெட்டிக்கு உரிய போல்ட்.

"யாரும்மா இதைத் தொட்டது? வாரண்டி கிடையாது. கம்பெனி ஸ்பேர் ஒண்ணுகூட இதுக்குள்ள இல்ல."

அப்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள். "கம்பெனிக்காரன் தப்பாப் போட்டு அனுப்பியிருந்தான். அவரு பதினஞ்சு வருஷம் ஓட வச்சாரு. ஒனக்குத் தெரியலன்னா மூடி வச்சிட்டுப் போ தம்பி."

பையன் மூடினான். மூடியபின் தரையில் ஒரு போல்ட் மிச்சம் கிடந்தது. சர்வீஸ் சார்ஜ் கேட்டான். அப்பாயி போல்ட்டைக் காட்டினாள். பையன் மறுபடி கேட்கவில்லை.