நாலாவது பாண்டவரின் சொந்தச் செலவு யுத்தம்

புனைபெயருக்காக மகாபாரதத்தைப் புரட்டுகிறவர்கள் அர்ஜுனனிலோ கர்ணனிலோ விரல் வைப்பார்கள். டி. கே. துரைசாமி நகுலனில் வைத்தார். பாண்டவர்களில் நாலாவது ஆள். விராடன் அரண்மனையில் குதிரை லாயம் பார்த்தவர், வில்லும் கதையும் அண்ணன்மார் பாடு. 1921-இல் கும்பகோணத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் ஆயுளைக் கழித்த கவிஞருக்கு அந்தப் பெயரே போதும் என்று பட்டது. போதாமல் போனபோது கவிதைக்கு எஸ். நாயர் என்று இன்னொருவரை நியமித்தார். நாவலுக்குள் நவீனன் என்று ஒரு மூன்றாவது ஆள். இந்த நாலு பேருக்கும் சேர்த்து மார் இவானியோஸ் கல்லூரியில் ஒரே சம்பளம், ஆங்கில வாத்தியார் வேலைக்கு.

அன்றைய திருவனந்தபுரத் தமிழ் இலக்கியத்தில் யாரும் முழுநேர இலக்கியவாதி இல்லை. ஆ. மாதவன் சாலைத் தெருவில் கடை நடத்தினார். நீல பத்மநாபன் மின்வாரியத்தில் எஞ்சினியர். பகலில் வியாபாரம், கரண்ட், ஷேக்ஸ்பியர். மிச்ச நேரத்தில் தமிழ்.

1968-இல் நம்முடைய லாயக்காரர் சொந்தச் செலவில் 'குருக்ஷேத்திரம்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அதே ஊரில் ஐயப்பப் பணிக்கர் மலையாளத்தில் 'குருக்ஷேத்திரம்' என்ற கவிதையை வெளியிட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவரும் ஆங்கில வாத்தியார்தான். ஒரு ஊரில் இரண்டு குருக்ஷேத்திரம், இரண்டிலும் ரத்தச் சேதம் இல்லை. தமிழ்ப் பக்கம் பணச் சேதம் மட்டும்.

சிறுபத்திரிகைப் பொருளாதாரம் அப்படி. சென்னையில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' நடத்த மனைவியின் நகைகளை விற்றார், புத்தகக் கட்டைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனார். நகுலன் பிரம்மச்சாரி. விற்க நகையில்லை, சம்பளக் கவர்தான் உண்டு. திருமணம் செய்துகொள்ளாததில் தமிழ் இலக்கியத்துக்கு இப்படியொரு லாபம்.

கல்யாணம் இல்லையே தவிர, சுசீலா உண்டு. நாவலுக்கு நாவல் வருவார், கவிதையிலும் வருவார், நகுலனின் கௌடியார் கோல்ஃப் லிங்க்ஸ் சாலை வீட்டுக்கு மட்டும் வரமாட்டார். வந்தவர்கள் வாசகர்கள். புனிதத்தலம் மாதிரி அங்கே போய் வந்து கட்டுரை எழுதினார்கள். அந்தக் கட்டுரைகளைப் படித்தவர்களில் எத்தனை பேர் நாவலையும் படித்தார்கள் என்று கேட்பது அநாகரிகம்.

நாவல்கள் அப்படி ஒன்றும் கெஞ்சுகிறவை அல்ல. 'நினைவுப்பாதை' 1972-இல் வந்தது, கதை எங்கே என்று தேடுகிறவர்களை அது சட்டை செய்வதில்லை. 1974-இல் 'நாய்கள்'. பின்னால் சுஜாதா ஆனந்த விகடனில் ஜீனோ என்ற இயந்திர நாயை ஓடவிட்டார், ஊரே பின்னால் ஓடியது. நகுலனின் நாய்கள் குரைத்தது பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேட்கவில்லை.

ஆனால் எதிர்காலத்தை மோப்பம் பிடித்த விஷயத்தில் வாத்தியாரை லேசாக எடைபோட முடியாது. 1992-இல் வந்த 'வாக்குமூலம்' நாவலில் அரசாங்கம் ஒரு சட்டம் போடுகிறது: வாழ்ந்தது போதும் என்று நினைக்கிற வயதானவர்கள் தம் கதையை எழுதிக் கொடுத்தால், முடித்துவைக்க அரசே கைகொடுக்கும். ராக்கெட் இல்லை, வேற்றுக்கிரகம் இல்லை, ஒரு விண்ணப்பமும் ஒரு கிழவரும்தான். தமிழில் கற்பனை விஞ்ஞானத்தைப் பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. பட்டன் இல்லாத கதை அவர்கள் கண்ணில் படாது போலிருக்கிறது.

சாகித்திய அகாதெமி நீல பத்மநாபனைக் கண்டுகொண்டது, 2015-இல் மாதவனையும் கண்டுகொண்டது. நகுலனைக் கடைசிவரை கண்டுகொள்ளவில்லை. 2007 மே மாதம் அவர் காலமானார்.

'வாக்குமூலம்' கற்பனையில் கண்டதன் ஒரு நுனி பிறகு நிஜமானது: 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், குணமாக வழியில்லாத நிலையில் தனக்கு உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நகுலனை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் 'வாக்குமூல'த்தில் தொடங்குங்கள். 'நினைவுப்பாதை' பிறகு பார்த்துக்கொள்ளலாம்.