தோத்தவன் நாளைக்கு வருவானோ?

காலபோக அருவி வெட்டுத் தொடங்கிச் சித்திரை வருசம் பிறக்கும்வரை வன்னியில் இரண்டு சத்தம் ஓயாது. ஒன்று நெல்லு வெட்டுற மெசின். மற்றது சுற்றுப்போட்டி லவுட்ஸ்பீக்கர். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இரண்டாவது சத்தத்தைப் பற்றியவை. பசளை, காணி உறுதி, கல்யாணப் பொருத்தம் கேட்டவர்கள் அடுத்த முறைவரை பொறுத்தருளவேண்டும்.

கேள்வி: எங்கள் கழகத்தில் 30 பேர். அதில் நல்லா விளையாடுற ஏழு பேரும் எப்போதும் ஒரே பக்கம் சேருகிறார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். அணி பிரிப்பது எப்படி?
(பொறுமையிழந்த செயலாளர், தருமபுரம்)

பதில்: உங்கள் கழக யாப்பைப் புரட்டாதீர்கள். இதற்கு விடை அதில் இல்லை, அம்மம்மாவிடம் இருக்கிறது. உத்தி பிரித்தல் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு தலைவர்மார் நிற்பார்கள். மற்றவர்கள், தனக்குச் சமம் என்று நினைக்கிற ஆளோடு சோடி சேர்ந்து, தோளில் கை போட்டபடி பூவரச மரத்தடிக்குப் போவார்கள். அங்கே குசுகுசுத்து ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, “வானத்திலை போற பருந்து வேணுமோ, தண்ணியிலை போற விரால் வேணுமோ?” என்று கேட்பார்கள். ஒரு தலைவர் விரால் என்பார். விரால் யாரென்று அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரியும். மற்றவன் தானாகவே எதிர்ப்பக்கம்.

இதிலுள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். யார் யாருக்குச் சமம் என்பதைத் தலைவரோ தெரிவுக்குழுவோ தீர்மானிப்பதில்லை, விளையாடுகிறவர்களே தீர்மானிக்கிறார்கள். தன் பலம் எவ்வளவென்று தன்னைவிட ஆருக்குத் தெரியும்? கெட்டிக்காரர் இருவர் சோடி சேர்ந்த அந்த நிமிடமே அவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தாகிவிட்டது. உங்கள் ஏழு பேரில் ஆறு பேர் மும்மூன்றாகப் போவார்கள். ஏழாமவர் எட்டாமவரோடு வரவேண்டும். அவருக்குக் கொஞ்சம் ரோசம் வரும், பரவாயில்லை.

இன்னொரு நன்மைதான் எனக்குப் பெரிது. தலைவர்மார் மாறி மாறி ஆள் எடுக்கிற முறையில் கடைசியாக ஒரு பெடியன் மிஞ்சுவான். பெருவிரலால் மண்ணைக் கிண்டிக்கொண்டு நிற்பான். “சரி, நீயும் வா” என்பார்கள். அந்தப் பெடியன் அடுத்த கிழமை வரமாட்டான். உத்தியில் கடைசி ஆள் என்று ஒருவன் கிடையாது, கடைசிச் சோடிதான் உண்டு.

ஒரு எச்சரிக்கை: தலைவரின் தம்பி ஒவ்வொரு நாளும் விரால் ஆவான். கண்டுபிடித்தால் பெயரைச் சொல்லும் வேலையை மூன்றாம் ஆளிடம் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தலைவரே முதல் துடுப்பு, அவரே முதல் பந்து, அவரே மத்தியஸ்தர். என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், விசுவமடு)

பதில்: ரிக்கற் இல்லாமல் பார்க்க விடுகிறாரே, நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: மல்லாவியில் இருந்து உழவு இயந்திரப் பெட்டியில் 14 பேர் வந்தோம். முதல் ஆட்டத்திலேயே வெளியூர் ஆட்களை இறக்கிய அணியிடம் தோற்றோம். அரை மணித்தியாலத்தில் வீடு. டீசல் காசுக்குக்கூட விளையாடவில்லை.
(பெட்டியில் வந்தவன்)

பதில்: இது விலகல் முறையின் குணம், தம்பி. 16 அணி என்றால் 15 ஆட்டத்தில் கிண்ணம் கைக்கு வந்துவிடும். ஒழுங்கமைப்பாளருக்குச் சுகம். ஆனால் முதல் சுற்றோடு எட்டு அணி ஒரு வெற்றியும் காணாமல் பெட்டியில் ஏறும். அதற்காக எல்லாரும் எல்லாரோடும் மோதும் லீக் வைத்தால் 120 ஆட்டம். முடிவதற்குள் அடுத்த விதைப்பு வந்துவிடும்.

இடையில் ஒரு வழி உண்டு. சதுரங்கக்காரர் 1895 இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் முதன்முதலாக நடத்திப் பார்த்தது. சுவிஸ் முறை என்றே பெயர். தோற்றாலும் ஆரும் வீட்டுக்குப் போவதில்லை. வென்றவன் அடுத்த சுற்றில் வென்றவனோடு, தோற்றவன் தோற்றவனோடு. 16 அணிக்கு நாலு சுற்று, 32 ஆட்டம். மழையும் சமநிலையும் குறுக்கே வராவிட்டால், தோல்வியே காணாத அணியாகக் கடைசியில் ஒன்றுதான் நிற்கும். கிண்ணம் அதற்கு. ஒரு வெற்றியும் இல்லாமல் போகும் அணியும் ஒன்றே ஒன்றுதான். எட்டு எங்கே, ஒன்று எங்கே!

மென்பந்தில் நாலு ஓவர் ஆட்டமென்றால், இரண்டு மைதானத்தில் நாளுக்கு எட்டெட்டாக இரண்டு நாளில் முடியும். கடைசிச் சுற்றில் மூன்றும் தோற்ற அணியும் மூன்றும் தோற்ற அணியும் மோதும். இறுதியாட்டத்தைப் பிரதம விருந்தினர் பார்க்கட்டும். நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு இதற்குத்தான் போவேன். அந்த ஆட்டத்தில் ஒரு ஓட்டத்துக்குக் கேட்கிற கூச்சல் இறுதியாட்டத்து ஆறு ஓட்டத்துக்கும் கேட்காது.

வெளியூர் ஆட்களைப் பற்றி: கூட்டி வரட்டும். ஆனால் அணிக்கு இரண்டு பேர், அதுவும் பதிவு நாளிலேயே பெயர் கொடுத்தவர்கள். கிண்ணத்துக்குக் காசு அனுப்பிய கனடா மாமாவுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெற்றிப் படத்தில் தன் ஊர்க்காரனைத் தேடுவார், பாவம்.

கேள்வி: 304 விளையாட்டில் எனக்கு எதிரே கூட்டாளியாக இருப்பவர் மாமனார். ஒரு பிடி தவறினால் அடுத்த நாள் சாப்பாட்டு நேரம்வரை விளக்கம் நடக்கும். மனைவியும் அவர் பக்கம்.
(புது மாப்பிள்ளை, நெடுங்கேணி)

பதில்: 304 இலும் ஆட்டம் கேள்வியில்தான் தொடங்குகிறது. நாலு கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு 160 கேட்பவன் பதிலையும் தானே தேடவேண்டும். ஆகவே உங்கள் நிலை எனக்கு விளங்குகிறது.

முதலில் உங்களுக்கு. மாமா 32 கடதாசியையும் மனத்தில் வைத்திருப்பார், நாற்பது வருசப் பழக்கம். நீங்கள் அதற்கு முயலாதீர்கள், தலை சுற்றும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு நிறத்துக்கு 76, நாலு நிறத்துக்கு 304. அதில் நாலு ஜாக்கும் நாலு ஒன்பதும் மட்டுமே 200. அந்த எட்டுக் கடதாசி விழுந்ததை மட்டும் எண்ணுங்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆட்டம் உங்கள் கண்ணுக்குள் வந்துவிடும். மிச்சத்தை மாமா பார்த்துக்கொள்வார், அவருக்கும் ஒரு வேலை வேண்டாமா?

ராசாவைவிட ஜாக் ஏன் பெரிதென்று இதற்குள் கேட்டிருப்பீர்கள். ஒல்லாந்தரின் கடதாசி ஆட்டத்திலும் துரும்பில் ஜாக்கும் ஒன்பதும்தான் தலை. அவர்கள் 1796 இல் இந்தத் தீவை விட்டுப் போனார்கள். இஸ்கோப்பன், கலாவரை என்ற அவர்களுடைய சொற்கள் எங்கள் திண்ணையில் தங்கிவிட்டன.

இனி மாமாவுக்கு. வீட்டுக்கு ஒரு சட்டம் போடுங்கள்: பிழை பிடிப்பது கடதாசி கலைத்து முடியும்வரைதான். அடுத்த கை பகிரத் தொடங்கினால் பழைய கை செத்துப்போயிற்று. நல்லாக் கலைக்கிற ஆளுக்கு அரை நிமிடம் போதும். மாமா கெட்டிக்காரர் என்றால் அரை நிமிடத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவார்.

மூன்றாவது ஆளும் ஒருவர் இருக்கிறார், நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். பின்னால் நின்று இரண்டு பேரின் கையையும் எட்டிப் பார்த்து “ச்ச்” கொட்டுகிறவர். உலகத்தில் பாதிச் சண்டை விளையாடுகிறவர்களால் வருவதில்லை. அவருக்கு ஒரு கதிரை கொடுத்து, ஒரு ஆளுக்குப் பின்னால் மட்டும் இருத்துங்கள். இருந்தால் எட்டிப் பார்க்க ஏலாது.

கேள்வி: எனக்கு 46. கரப்பந்துக்குப் போனால் பெடியள் “அண்ணை, நீங்கள் பாருங்கோ” என்று கதிரை தருகிறார்கள்.
(கதிரை வேண்டாதவர், வட்டக்கச்சி)

பதில்: முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். 2023 இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் எடுத்தபோது அவருக்கு 72 வயது. 1500 மீற்றர் ஓட்டத்தில் ஒரு தங்கம். மூத்தோர் தடகளம் 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வருசமாகப் பிரித்து ஓடவிடுகிறது. அங்கே உங்களுக்கு 45–49. அதில் நீங்கள் நடுத்தர வயதுப் பெடியன்.

கரப்பந்து 1991 இலிருந்து இந்த நாட்டின் தேசிய விளையாட்டு. அதன் சட்டமும் உங்கள் பக்கம்தான். பந்து போடும் முறை கிடைக்கும்போதெல்லாம் ஆறு பேரும் ஒரு இடம் சுற்றவேண்டும். எட்டிப் பாய்ந்து அடிக்கிறவனும் ஒருகட்டத்தில் பின்னுக்குப் போயே ஆகவேண்டும், நீங்கள் வலையடிக்கு வந்தே ஆகவேண்டும். பெடியளிடம் சொல்லுங்கள்: சுற்றிவிட்டு விளையாடுவோம், இல்லாவிட்டால் வலை என்னுடையது, கழற்றிக்கொண்டு போகிறேன். வலை உங்களுடையது இல்லையென்றால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் வலைப்பந்து அணியில் ஒரு உயரமான பிள்ளை. பந்தை அவளிடம் எறிந்தால் போதும் என்று மற்றப் பிள்ளைகள் ஓடுவதையே விட்டுவிட்டார்கள்.
(பயிற்றுநர், ஒட்டுசுட்டான்)

பதில்: யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர். இலங்கை வலைப்பந்து அணியில் அவர் இருந்தபோதும் பந்து தானாக அவர் கைக்குப் போகவில்லை. ஆடுகளத்தின் மூன்றில் ஒரு பகுதியை முழுதாகத் தாண்டி எறிய வலைப்பந்தில் அனுமதியில்லை. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கை பந்தைத் தொட்டாகவேண்டும், மூன்று செக்கனுக்குமேல் வைத்திருக்கவும் ஏலாது. ஆகவே பயிற்சியில் ஒரு கிழமை அந்தப் பிள்ளையைப் பின்காப்பில் விடுங்கள். மற்றவர்களுக்குக் கால் இருப்பது நினைவு வரும். அவளுக்கோ, பந்து தன்னிடம் வருமுன் எத்தனை கை மாறுகிறது என்று தெரியவரும்.

கேள்வி: எங்கள் சுற்றுப்போட்டி அறிவிப்பாளர் வாய் நல்ல வாய். ஆனால் பலவீனமான பெடியளைத்தான் கிழிக்கிறார். சனம் சிரிக்கிறது. தடுத்தால் கலகலப்புப் போய்விடும் என்கிறார்கள்.
(உப தலைவர், பரந்தன்)

பதில்: இதற்கு நான் பகிடியாக எழுத ஏலாது. அந்த வாய் ஒருகாலத்தில் என்னிடமும் இருந்தது.

ஒரு இறுதியாட்டம். எல்லைக்கோட்டில் நின்ற பெடியன் கைக்கு நேரே வந்த பிடியை விட்டான். “தம்பி, காலமை புட்டுக்கு நெய் கூடவோ?” என்று ஒலிவாங்கியில் கேட்டேன். மைதானமே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இரண்டு உள்ளங்கையையும் காற்சட்டையில் துடைத்தான், மீண்டும் மீண்டும். அடுத்த சுற்றுப்போட்டிக்கு அவன் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. பிறகு ஒருநாள் அரிசி ஆலையில் கண்டேன். மூட்டையொன்றைத் தூக்கி என் சைக்கிளில் வைத்துவிட்டு, “பயப்பிடாதேங்கோ அண்ணை, விழாது” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

எங்கள் கழகத்தில் இப்போது ஒரு வழக்கம். ஆட்டம் நல்லா வருகிறவனைப் பகிடி பண்ணலாம், அவன் தாங்குவான். தன்னையும் பண்ணலாம். புதியவனைப் பெயர் சொல்லிப் பாராட்ட மட்டும்தான் ஒலிவாங்கி. மீறினால் முதல்முறை பொருளாளர் கிட்டப்போய்த் தோளில் தட்டுவார், இரண்டாம் முறை வயரைக் கழற்றுவார். இதைத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் கேட்க வாசிக்கிறோம்.

எச்சரிக்கை எல்லாருக்கும் விளங்கவேண்டும். உதைபந்தின் மஞ்சள், சிவப்பு அட்டைகள் அது விளங்காத ஒரு குழப்பத்தில் பிறந்தவைதான். 1966 உலகக்கிண்ணத்தில் இங்கிலாந்தும் ஆர்ஜென்ரீனாவும் மோதின. நடுவர் ஜேர்மன்காரர். யாரை எச்சரித்தார் என்பது சரியாக விளங்காமல் போயிற்று. கென் ஆஸ்ரன் என்ற ஆங்கிலேய நடுவருக்கு வீதிச் சமிக்ஞை விளக்கைப் பார்த்தபோது யோசனை வந்தது. 1970 மெக்சிக்கோவில் அட்டை இறங்கியது. வாய் திறக்காமலே எச்சரிக்கலாம், எச்சரித்தது எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: அண்ணாவோடு சதுரங்கம் விளையாடி ஒருநாளும் வென்றதில்லை. விட்டுவிடவா?
(வயது 12, உருத்திரபுரம்)

பதில்: விடாதே பிள்ளை. உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970 இலிருந்து வைத்திருக்கும் எலோ கணக்கின்படி, 200 புள்ளி கூடிய ஆளோடு நூறு ஆட்டம் ஆடினால் குறைந்த ஆளுக்கும் ஏறக்குறைய 24 புள்ளி வரும். உனக்கு ஒன்றும் வரவில்லையென்றால் அண்ணா அதைவிட உயரத்தில் இருக்கிறார். ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடச் சொல். நீ வெல்லத் தொடங்கினால் ராணியைத் திருப்பிக் கொடுத்துக் குதிரையை எடுக்கச் சொல். பிறகு அதையும் கொடு. மறுத்தால், பயம் என்று அம்மாவுக்குக் கேட்கச் சொல்லு.

கேள்வி: ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சட்டம். எல்லா மைதானத்துக்கும் ஒரே விதி வேண்டாமா?
(ஒழுங்கு விரும்பி, வவுனியா)

பதில்: 2010 இல் மீளக்குடியேறி வந்த புதிதில் எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை வரிசையாக நின்றது. பந்து அங்கால் போனால் ஆறு ஓட்டமில்லை, அடித்தவன் ஆட்டமிழப்பு. பந்தை எடுக்கப் போகிறவனுக்கு அந்தச் சுற்றுப்போட்டியே இல்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இதைக் காணமாட்டீர்கள். மாடு மேய்த்து மாடு மேய்த்துத் தோள் பெருத்தவர்கள் எல்லாம் அந்த வருசம் பந்தை நிலத்தோடு தட்டினார்கள். மெல்லிய பெடியள்தான் ஓட்டம் குவித்தார்கள். மிதிவெடி எடுத்து முடிந்து பலகையைக் கழற்றிய நாளில் முதல் பந்தே பனைக்கு மேலால் போயிற்று. நாங்கள் நாலு பேர் அதைத் தேடிப் போனோம், பழக்கதோசத்தில் காலடி பார்த்துப் பார்த்து.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்களுக்கு எது நல்லா வரும்?
(சந்தேகப் பிராணி, அக்கராயன்)

பதில்: கிளித்தட்டு. அதில் குறுக்குக் கோடுகளில் ஆளுக்கொரு கோடு காக்கவேண்டும். நடுக்கோட்டால் மேலும் கீழும் ஓடுகிற உரிமை கிளி ஒருவருக்குத்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கடைசிக் கோடு. கிளியாக்கச் சொல்லி நாற்பது வருசமாக விண்ணப்பம் நிலுவையில் கிடக்கிறது. போன பொங்கலுக்கும் கேட்டேன். “அண்ணை, கடைசிக் கோட்டை உங்களைப்போல ஆர் காப்பினம்?” என்றார்கள். அரிசி ஆலைப் பெடியன்தான் கிளி.