கணக்குப்பிள்ளை செய்த பிரிட்ஜ்

எலெக்ட்ரிக் கித்தாருக்கு இலக்கணம் வகுத்த லியோ ஃபெண்டருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கவும் வராது என்பார்கள். படித்தது கணக்குப் பதிவு. பிழைப்பு, கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை. அப்பேர்ப்பட்டவர் 1950இல் ஒரு மரப்பலகையை அறுத்து, கழுத்தை நாலு திருகாணியால் முடுக்கி, இதுதான் கித்தார் என்று சந்தைக்கு அனுப்பிவிட்டார். பின்னாளில் டெலிகாஸ்டர் என்று பேர் வாங்கியது அதுதான்.

ஆறு கம்பி இருக்கிறதே, அவை உடம்பில் வந்து உட்கார்கிற பிரிட்ஜில் கம்பிக்கு ஒரு தாங்கி வேண்டாமா? அங்கேதான் கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டார். இரண்டு கம்பிக்கு ஒரு பித்தளை உருளை, மொத்தம் மூன்று போதும் என்று முடித்துவிட்டார். காசு மிச்சமானது, சுருதிதான் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு கம்பிக்கும் அதன் தடிமனுக்கேற்ப நீளம் ஒரு நூலிழை கூடக் குறைய வேண்டும். இரண்டை ஒரே உருளையில் ஜோடி கட்டி உட்கார வைத்தால், ஒன்று சரியாகும்போது மற்றது முறைத்துக்கொள்ளும். எழுபது வருஷத்துக்கு மேலாக டெலிகாஸ்டர்காரர்கள் அந்த ஜோடிகளுக்கு நடுவே பஞ்சாயத்துப் பேசி வருகிறார்கள். இந்தப் பஞ்சாயத்துக்கு இப்போது ‘விண்டேஜ் டோன்’ என்று கௌரவமான பெயர்.

உருளைகளுக்கு அடியில் ஒரு மடித்த இரும்புத் தகடு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பும் அதிலேயே தொங்கும். மேலே பளபளவென்று ஒரு மூடி. வாசிப்பவர்கள் அதைக் கழற்றி சிகரெட் சாம்பல் தட்டினார்கள், இன்றுவரை அதன் பெயரே ஆஷ்ட்ரே. ஆனால் அந்த மலிவுத் தகட்டைக் குறை சொல்லக் கூடாது. இரும்பாக இருப்பதால் அது பிக்கப்பின் காந்தத்தோடு உறவாடி, ஒலியில் ஒரு காரம் ஏற்றியது. காந்தம் ஒட்டாத பித்தளையில் அதே தகட்டைச் செய்து மாட்டுவது, பள்ளிபாளையம் சிக்கனில் வரமிளகாயைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் பரிமாறுவதற்குச் சமம். தின்னலாம், தப்பில்லை. எங்கள் ஊர்ப் பேரை மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தத் தகட்டில் ‘பேட்டண்ட் மனு நிலுவையில்’ என்று பொறித்திருக்கும். மனு 1951லேயே பாஸாகிவிட்டது. ஆனாலும் இன்றைக்குப் பழைய மாடலுக்கென்று புதிதாக அடிக்கிற மாற்றுத் தகடுகளிலும் அதே வாசகத்தைப் பொறிக்கிறார்கள். நம் தாலுகா ஆபீசில்கூட ஒரு பட்டா மனு இத்தனை காலம் கிடந்ததில்லை.

எதிர்முகாமான கிப்சன் கம்பெனி பரம்பரைத் தச்சர்கள் வகையறா. அவர்கள் 1952இல் லெஸ் பால் கித்தாரைக் கொண்டுவந்தபோது, கழுத்தை ஒட்டுகிற கோணத்தில் கோட்டை விட்டார்கள். பிரிட்ஜுக்கு மேலே போக வேண்டிய கம்பி மேலே போனால் வாசிக்க முடியாத உயரம். அதனால் அடியில் நுழைத்துக் கட்டிவிட்டார்கள். உள்ளங்கையைச் சாய்த்துக் கம்பியை அமுக்கி வாசிக்கிற வித்தை அதோடு போயிற்று; கித்தாருக்குத் தன் பெயரையே கொடுத்த லெஸ் பாலுக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. 1954இல் தலைவர் டெட் மெக்கார்ட்டி கம்பிக்கு ஒரு தாங்கி வைத்து டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜைக் கொண்டுவந்தார். நல்ல யோசனைதான். ஆனால் உடம்பு துத்தநாகக் கலவை வார்ப்பு. வருஷக்கணக்கில் கம்பி அமுக்க அமுக்க நடு முதுகு கூன் விழுந்தது. கம்பி அறுந்தால் தாங்கியும் தெறித்து மேடையில் உருண்டது. அறுபதுகளில் குறுக்கே ஒரு வயரைக் கட்டித் தாங்கிகளை அடக்கினார்கள். இப்போது வயர் இல்லாத மாடலையும் அச்சு அசலாகச் செய்து தனியாக விற்கிறார்கள். தெறித்து விழுகிற வசதிக்குத்தான் காசு.

லியோ 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குத் தாங்கியை ஆறாக்கி, அடியில் கனத்த எஃகுக் கட்டையைத் தொங்கவிட்டு நல்லபிள்ளையானார். 1965இல் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே இருந்தவர்கள் லியோவையே மிஞ்சிய கணக்குப்பிள்ளைகள். எழுபதுகளில் எஃகுக் கட்டை போய் வார்ப்புக் கட்டை வந்தது. மாற்று பிரிட்ஜ் வியாபாரத்துக்கு இதைவிட நல்ல சகுனம் வேறென்ன வேண்டும்? பித்தளை, எஃகு, அலுமினியம், டைட்டானியம் என்று கடை விரித்தார்கள். பித்தளையின் அடர்த்தி அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு; எனவே ஒலியும் மாறும் என்பது நியாயமே. மூன்று மடங்கு நல்ல பாட்டு வரும் என்பதுதான் விளம்பரக்காரர்களின் சொந்தச் சேர்க்கை.

எங்கள் ஊரை உரசிக்கொண்டு போகிற காவிரி, கீழே திருச்சியையும் தாண்டித் தஞ்சைக்குப் போகிறது. அங்கே வீணைக்குக் குதிரை, அதாவது நம் பிரிட்ஜ், செய்பவர்கள் இதற்கு நேரெதிர். கித்தாரில் கம்பி கூர்மையான ஒரே புள்ளியில் நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் கர்ரென்று இரையும். வீணையிலோ மரக்குதிரையின் மேல் அகலமான உலோகத் தகட்டை ஒட்டி, அதன் முதுகை லேசாக வளைத்து, கம்பி உரசியும் உரசாமலும் கிடக்கும்படி அரத்தால் ராவி ராவிப் பதம் பார்ப்பார்கள். கம்பியை எந்தக் கணுவில் மீட்டுகிறோமோ, அந்தக் கணுவுக்குரிய மேல்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921இல், வீணையிலும் தம்புராவிலும் அவை ஜம்மென்று ஒலிக்கின்றன, காரணம் இந்த வளைந்த குதிரை என்று எழுதினார். விதியை மீறியவர்கள் பேட்டண்ட் மனுவெல்லாம் போட்டதாகத் தெரியவில்லை.

பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்கு உதிரிபாகம் கடைகிற லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒரு பழைய டெலிகாஸ்டர் பிரிட்ஜைக் கொண்டுபோய், இதேபோல் மூன்று பித்தளை உருளை வேண்டும் என்று நீட்டிப் பாருங்கள். முதல் சண்டை மரையில்தான். பழைய அமெரிக்கத் திருகாணி அங்குல மரை, நம் கடையில் கிடைப்பது மில்லிமீட்டர் மரை. பாதி இறங்கி அப்படியே கடித்துக்கொள்ளும். அதைத் தீர்த்த பிறகு பட்டறைக்காரர் உருளையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கேட்பார்:

“ஏனுங்க, ரெண்டு கம்பிக்கு ஒண்ணுன்னா, இதைக் கொஞ்சம் சாய்வா உக்கார வெச்சா ரெண்டும் சரியா நிக்குமுங்களே?”

அமெரிக்காவில் அதே சாய்வை வைத்துத்தான் மூன்று உருளைகளைப் பொட்டலம் கட்டி நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஆனால் கொண்டுபோனவர் விண்டேஜ் பக்தராக இருந்தால் பதறிப்போவார்.

“ஐயோ, சாய்ச்சிராதீங்கண்ணா. ஒரிஜினல் நேராத்தான் இருந்துச்சு.”

“அப்பத் தப்பாவே அடிச்சுத் தரட்டுங்களா?”