காவலுக்கு ராஜநாகம்

பந்திங்கில் மலை இருக்கிறது என்று சொன்னால் கேமரன் மலைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கோலா லங்காட் வட்டாரம் முழுக்கத் தட்டையான செம்பனைக் காடு. அதற்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கிற ஜுக்ரா குன்று எங்களுக்கு மலைதான். உச்சியில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. காற்று நன்றாக அடிக்கிற நாளில் பாராகிளைடரை மாட்டிக்கொண்டு அங்கிருந்து குதிப்பவர்களும் உண்டு. அடிவாரத்தில் ரம்புத்தான், டுரியான் மரங்களுக்கு இடையில் ஒரு பழைய பலகை வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டைப் பூட்டிவிட்டு நானும் மனைவியும் அங்கே குடிபோனோம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுக்குச் சத்தம் ஒரு குறையே இல்லை. மோனோரயில், பூக்கடைப் பாட்டு, விடியற்காலை லாரி எல்லாம் காதுக்குப் பழகிவிடும். பழகாதது கே.எல். சென்ட்ரல். 2001-ல் அந்த நிலையம் திறந்ததிலிருந்து எங்கள் வீடு அதன் காத்திருப்பு அறையாக இருந்துவந்தது. ஈப்போவுக்குப் போகிற சித்தப்பா, சிரம்பானுக்குத் திரும்புகிற ஒன்றுவிட்ட அண்ணன் மகள், விமான நிலைய ரயிலுக்கு முன்கூட்டியே வந்துவிட்ட மைத்துனரின் சம்பந்தி. "ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு மாமா, அதான் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்." எட்டிப் பார்க்க வருகிறவர்கள் தோசை சாப்பிடாமல் போனதில்லை. போகும்போது ஒரு காப்புறுதித் திட்டத்தையோ, சர்க்கரை முதல் முழங்கால் வலிவரை தீர்க்கிற ஒரு பானத்தையோ மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஜுக்ராவுக்கு வந்தும் இது நிற்கவில்லை. கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங், ஜெஞ்ஜாரோம் வழியாகக் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ரயில் நேரம் என்ற வரம்பாவது முன்பு இருந்தது. இப்போது மலைக்காற்று வாங்க வருகிறவர்களுக்கு எந்த ரயிலையும் பிடிக்க வேண்டியதில்லை.

அப்புறம்தான் அது வந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிற லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், மனைவி பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றப் போனாள். "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள். அவள் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். ராஜநாகம். இடுப்பளவு தலையைத் தூக்கி, இந்த வீட்டு வாடகை எவ்வளவு என்று விசாரிக்கிற தோரணையில் எங்களைப் பார்த்தது. 999-க்கு அடித்தோம். பொதுத் தற்காப்புப் படையிலிருந்து இரண்டு மலாய்ப் பையன்கள் வந்தார்கள். ஒரு கொக்கிக் கம்பு, ஒரு சாக்கு, வேறு ஒன்றும் இல்லை. மார்க்கெட்டில் கீரை வாங்குகிற நிதானத்தில் பிடித்துப் போட்டுக்கொண்டு, "பெரிசு இல்ல அங்கிள், நடுத்தரம்" என்று ஆறுதலும் சொன்னார்கள்.

என் மருமகன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அந்த வாரம் யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. தீபாவளிக்குப் பலகாரம்கூடக் கூரியரில் வந்தது. காலையில் வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்து, அந்தக் காப்பி சூடாகவே முடிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் தேடிவந்த அமைதி இதுதான். மலை அதைத் தரவில்லை, லோங்காங் தந்தது.

அதன்பிறகு ராஜநாகத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். காவல்காரரின் பின்னணி தெரிந்திருப்பது நல்லதுதானே. அதன் முக்கிய உணவு மற்றப் பாம்புகள். நம் பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பாம்புகளில் இலைதழை கூட்டிக் கூடு கட்டி முட்டையிடுவது அது ஒன்றுதான். பெண் பாம்பு பக்கத்திலேயே இருந்து காவல் காக்கும். குட்டிகள் வெளியே வந்த நாள் முதல் தங்கள் பிழைப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். இந்த இடத்தை மட்டும் என் மகனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 2024-ல் ஆய்வாளர்கள் ராஜநாகம் ஒரே இனம் அல்ல, நான்கு இனங்கள் என்று பிரித்தார்கள். இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது வேறு, நம் நாட்டில் இருப்பது வேறு. நம்மைப் போலவே அதற்கும் இங்கே தனிக் குடியுரிமை கிடைத்துவிட்டது.

இந்தக் கரையோரத்துப் பாம்பு உலகப் புகழும் பெற்றிருக்கிறது. 1937-ல் போர்ட்டிக்சன் அருகே பிடிபட்ட ஒன்று லண்டன் விலங்குக் காட்சிசாலைக்குப் போய், 5.71 மீட்டர்வரை வளர்ந்தது. அதைவிட நீளமான ராஜநாகம் பதிவில் இல்லை. 1939-ல் போர் மூண்டதும், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் இது ஊருக்குள் போய்விடுமே என்று பயந்து கொன்றுவிட்டார்கள். ஹிட்லரின் விமானங்கள் தலைக்குமேல் வரப்போகிற நேரத்திலும் லண்டன்காரர்களுக்கு நம் போர்ட்டிக்சன் பாம்பின்மேல் ஒரு கவலை இருந்திருக்கிறது.

அமைதியைத் தக்கவைக்கப் பராமரிப்பு வேண்டும். குழுவில் பேச்சு சூடுபிடித்து, "இந்த வாரம் ஜுக்ரா போலாமா?" என்று யாராவது ஆரம்பித்தால் நான் ஒரு படம் அனுப்புவேன். காப்புறுதி விற்கிறவருக்கு மலைப்பாம்பு. பானம் விற்கிற அத்தை மகளுக்குக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நாக்கு நீட்டுகிற பியாவாக் உடும்பு. ஒரு மைத்துனர், "புலி உண்டா?" என்று கேட்டார். தீபகற்பம் முழுக்க எண்ணினாலே 150-க்கும் குறைவான புலிகள்தான் மிச்சம், ஜுக்ராவில் ஏது? ஆனாலும், "இன்னும் கண்ணுல படல" என்று மட்டும் பதில் போட்டேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சொந்தக்காரர்களைத் தள்ளி வைக்கிற இந்த வழியில் எனக்கு முன்னோடி சுல்தான் அப்துல் சமாட். கோலாலம்பூரில் அவர் பெயர் தாங்கிய கட்டடத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்ளாத ஆள் கிடையாது. ஆனால் 1857 முதல் 1898 வரை சிலாங்கூரை ஆண்ட அந்த மனிதர் கடைசிக்காலம் வரை இருந்தது இந்த லங்காட் பக்கம், அடக்கமும் ஜுக்ராவில்தான். 1867-ல் தொடங்கிய கிள்ளான் சண்டை அடிப்படையில் சொந்தக்காரர்களின் சண்டை. யார் வரி வசூலிப்பது என்று ராஜாக்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். சுல்தான் மருமகன் தெங்கு குடினைத் தம் பிரதிநிதியாக்கிப் பஞ்சாயத்தை அவர் தலையில் கட்டினார். சுல்தானைச் சோம்பேறி என்று எழுதியவர்கள் உண்டு. பெரிய குடும்பத்தில் பிறந்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

காவலுக்கு அடங்காத இனங்கள் இரண்டு. ஒன்று குரங்கு. உறவினர்களாவது குளிர்பெட்டியைத் திறக்குமுன் ஒருமுறை நம் முகத்தைப் பார்ப்பார்கள். இன்னொன்று கொசு, இங்குள்ள விலங்குகளிலேயே கொடியது. 1901-ல் கிள்ளானிலும் புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனபோது, மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பைத் தூர்த்து, வடிகால் வெட்டித்தான் அதை மடக்கினார். தோட்டங்களுக்கு வந்த நம் தாத்தாக்களைப் புலி கொன்ற கதை வீட்டுக்கு வீடு உண்டு. உண்மையில் ஆயிரக்கணக்கில் கொன்றது இந்தக் கொசுதான். இப்போது அதன் இடத்தில் டிங்கி கொசு. மனைவி மின்சார மட்டையோடு மாலைதோறும் களம் இறங்குகிறாள். பூப்பந்து வீரர்களான சீடேக் சகோதரர்களைப் பெற்ற ஊர் பந்திங். 1992-ல் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த அந்தப் புறங்கை வீச்சு தண்ணீரிலேயே கலந்திருக்கிறது போலும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கேரித் தீவிலிருந்து பெரியம்மா வந்து இறங்கினார். எண்பதைத் தாண்டியவர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பால்மரம் வெட்டி, ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் உதிர்ந்த பழம் பொறுக்கி, தோட்டத்திலேயே முடி நரைத்தவர்.

"பெரியம்மா, இங்க ராஜநாகம் நடமாட்டம் இருக்கு" என்று வாசலிலேயே எச்சரித்தேன்.

"இருக்கட்டும் தம்பி. பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், பாம்புக்கு அது வரும். எங்க தொரை கூகைக்குப் பெட்டி கட்டி வச்சாரு, எலி புடிக்க. அதுக்கெல்லாம் பயந்தா தோட்டத்துல பேரு போட முடியுமா?" என்றபடி செருப்பைக் கழற்றினார். ஓரமாக வைக்க அல்ல. கோழிக்கூண்டுப் பக்கம் வந்த பியாவாக்கை நோக்கி வீசினார். அது என்னைப் பார்த்து ஒருநாளும் அந்த வேகத்தில் ஓடியதில்லை.

வந்த மறுநாளே யாரோ ஒரு பேத்தி அவரைக் குடும்பக் குழுவில் சேர்த்துவிட்டாள். பெரியம்மாவுக்கு எழுத்து வராது, குரல்பதிவு வரும். "இங்க ஒண்ணுமே இல்ல புள்ளைங்களா, இவன் சும்மா பூச்சி காட்டுறான். டுரியான் விழுது. எல்லாரும் வாங்க."

சனிக்கிழமை பத்து மணிக்குள் குன்றின் பாதை அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் கார். பானம் விற்கிற அத்தை மகள் பெரியம்மாவிடமே இரண்டு பெட்டி விற்றுவிட்டாள். மைத்துனர் புலி எங்கே என்று உண்மையான ஏமாற்றத்தோடு கேட்டார்.

கெரிக் பக்கம், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை ஒட்டி ஏதாவது பலகை வீடு விலைக்கு வருமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே யானை சாலையிலேயே நிற்கும், புலியும் உண்டு. பெரியம்மாவிடம் சொன்னேன். பை கட்டி வைத்துவிட்டார்.