கறுப்புக் கோட்டுக்கு எந்த ரயில்?

சட்டப் படிப்பு பற்றிப் பிளஸ் டூ பிள்ளைகளும் பெற்றோரும் ஷிஃப்ட் முடித்து வந்த தொழிலாளர்களும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக் கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

வக்கீல் ஆக கிளாட் எழுதியே தீர வேண்டுமா?
*பிளஸ் ஒன் மாணவி, பொன்னேரி*

வேண்டியதில்லை மகளே. பொன்னேரியிலிருந்து சென்னைக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு; வக்கீல் ஆவதற்கும் அப்படித்தான். பெங்களூரு, ஹைதராபாத், நம் திருச்சி நாவலூர் குட்டப்பட்டு போன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வுதான் கிளாட். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஐலெட் என்று தனித் தேர்வு வைக்கிறது. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளிலும் பெருங்குடி சீர்மிகு சட்டப் பள்ளியிலும் ஐந்தாண்டுப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு.

முன்பெல்லாம் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வு, ஒரு கட்டணம், ஒரு ஊர்ப் பயணம். இதை எதிர்த்து 2006இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போடப்பட்டது. அதன் பிறகு 2008இல் வந்ததுதான் கிளாட். வருங்கால வக்கீல்கள் எழுதும் தேர்வே ஒரு வழக்கில் பிறந்தது என்பது எவ்வளவு பொருத்தம்!

தமிழ் வழியில் படித்தவன். கிளாட் முழுக்க ஆங்கிலம் என்கிறார்கள். கைகால் உதறுகிறது.
*பிளஸ் டூ மாணவர், கவரைப்பேட்டை*

உதறட்டும் தம்பி, ஆனால் கையில் ஒரு ஆங்கில நாளிதழ் இருக்கட்டும். கிளாட்டில் 120 கேள்வி, 120 நிமிடம். ஏறக்குறைய 450 சொல் கொண்ட பத்திகளைக் கொடுத்து, அதிலிருந்து கேட்பார்கள். ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கொஞ்சம் கணக்கு என ஐந்து பகுதி. ஐந்திலும் சோதிப்பது ஒன்றைத்தான்: நிதானமாக வாசித்து, சொன்னதையும் சொல்லாததையும் பிரித்துப் பார்க்கத் தெரியுமா?

தினம் ஒரு தலையங்கம் எடுத்துக்கொள். முதல் முறை அகராதியைத் தொடாமல் முழுக்க வாசி. பிறகு எழுதியவர் என்ன சொல்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், யாரை மறுக்கிறார் என்று மூன்று வரி தமிழில் எழுது. ஆமாம், தமிழில்தான். புரிந்ததா இல்லையா என்பது தாய்மொழியில் எழுதும்போது பொய் சொல்லாமல் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அகராதி. கவரைப்பேட்டையிலிருந்து சென்ட்ரல் போகும் லோக்கல் வண்டியில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் இரண்டு தலையங்கம் முடிக்கலாம்.

சட்டம் ஒரு வரி தெரியாது. சட்டத் தர்க்கத்துக்கு என்ன செய்வது?
*பிளஸ் டூ மாணவி, எளாவூர்*

தெரியாதது நல்லது. அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சட்ட விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். அதை அப்படியே கதைமேல் வைத்துப் பார்ப்பதுதான் உன் வேலை. உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி ஒன்று போட்டுப் பார்ப்போம்.

கற்பனையாக ஓர் ஆலை. நச்சு வாயு கசிந்து பக்கத்துத் தெருவில் பத்துப் பேருக்கு மூச்சுத்திணறல். "வெளியாள் ஒருவன் வால்வை உடைத்துவிட்டான், எங்கள்மேல் தவறு இல்லை" என்கிறது ஆலை. பத்தியில் உள்ள விதி இது: 'ஆபத்தான பொருளைத் தன் இடத்தில் சேர்த்து வைப்பவர், அது தப்பி வெளியேறினால் இழப்பீடு தர வேண்டும், மூன்றாம் நபரின் செயலால் நேர்ந்தால் விலக்கு உண்டு.' இந்த விதிப்படி ஆலை தப்பித்துவிடும். இது 1868இல் இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கில் உறுதியான கோட்பாட்டின் வழி வந்தது.

இப்போது விதியை மாற்றுவோம்: 'ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு எந்த விலக்கும் இல்லை.' அதே கசிவு, அதே வால்வு, ஆனால் ஆலை மாட்டிக்கொண்டது. இது நம் உச்ச நீதிமன்றம் வகுத்தது. 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. போபால் விஷவாயு விபத்து நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், பழைய ஆங்கிலேய விதி நமக்குப் போதாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

ஒரே கதைக்கு இரண்டு விதி, இரண்டு விடை. தேர்வில் பத்தி எதைச் சொல்கிறதோ அதுவே அந்த நிமிடத்துச் சட்டம். உன் மனசாட்சி, நேற்றைய டிவி விவாதம், மாமா சொன்னது எல்லாம் வெளியே நிற்கட்டும்.

கணக்கு என்றாலே காத தூரம் ஓடுவேன்.
*பிளஸ் டூ மாணவர், கும்மிடிப்பூண்டி*

ஓட வேண்டிய தூரம் குறைவுதான். கணக்கு சுமார் பத்து சதவீதமே. அதுவும் பத்தாம் வகுப்புச் சதவீதம், விகிதம், சராசரி. அப்பாவின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800. மொத்தச் சம்பளம் 18,000 என்றால் இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். சீட்டில் உள்ள எண்ணும் நீ போட்ட எண்ணும் ஒத்துப்போகிறதா பார். ஒத்துப்போனால் உன் கணக்கு சரி. போகாவிட்டால் அப்பாவிடம் பேச ஒரு முக்கியமான விஷயம் கிடைத்திருக்கிறது.

தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக டிக் போடலாமா?
*பிளஸ் டூ மாணவர், திருவள்ளூர்*

சரிக்கு 1, தவறுக்கு 0.25 கழிவு. கண்ணை மூடிக்கொண்டு 16 கேள்விக்குப் போட்டால், சராசரியாக நான்கு சரியாகி 4 வரும். பன்னிரண்டு தவறாகி 3 போகும். கைக்கு ஒன்று மிஞ்சும். அதிர்ஷ்டம் இல்லாத நாளில் அதுவும் போகும். நாலு விடையில் இரண்டைக் காரணத்தோடு தள்ளிவிட முடிந்தால் அதே 16க்கு 8 வந்து 2 போகும், மிச்சம் ஆறு. ஆகவே தள்ளக் கற்றுக்கொள், பிறகு தைரியமாக டிக் போடு.

மனப்பாடம் எவ்வளவு வேண்டும்?
*பிளஸ் ஒன் மாணவி, மீஞ்சூர்*

நடப்புச் செய்திக்கு மட்டும், அதுவும் காரணத்தோடு. மனப்பாடத்தைவிட வாசிப்பும் தர்க்கமுமே பெரிது; அமெரிக்காவிலும் அப்படித்தான். அங்கே 1948 முதல் எல்சாட் என்ற சட்டத் தேர்வு நடக்கிறது. அதில் புகழ்பெற்ற புதிர்ப் பகுதியையே 2024 ஆகஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவை வாசிப்பும் தர்க்கமும்தான்.

கோச்சிங் சென்டர் கட்டணம் கேட்டேன், தலை சுற்றியது. கோச்சிங் இல்லாமல் முடியாதா?
*தாய், ஆரம்பாக்கம்*

முடியும் அம்மா. பழைய வினாத்தாள்களைக் கிளாட் நடத்தும் கன்சார்டியமே இலவசமாகத் தருகிறது. கடிகாரம் வைத்து எழுதி, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறினோம் என்று நோட்டில் எழுதிவைப்பதே பாதிக் கோச்சிங். வசதியற்ற பிள்ளைகளைத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவதற்காகவே 2010இல் பேராசிரியர் ஷம்னாத் பஷீர் 'ஐடியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் 2019இல் மறைந்தார், அமைப்பு தொடர்கிறது. தமிழ்நாட்டிலும் அதற்குக் கிளை உண்டு. தேர்வுக் கட்டணமும் சின்னது அல்ல: பொதுப் பிரிவுக்கு 4,000, எஸ்.சி., எஸ்.டி., வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு 3,500 ரூபாய். தேர்வு டிசம்பரில் என்பதால் தீபாவளிச் செலவோடு மோதும். இப்போதே எடுத்து வையுங்கள்.

வயது 38. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. தொலைதூரக் கல்வியில் பி.ஏ. முடித்தேன். இனிமேல் சட்டமா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
*தொழிலாளி, கும்மிடிப்பூண்டி*

சிரிக்கட்டும் அண்ணே, சட்டம் சிரிக்கவில்லை. மூன்றாண்டுப் படிப்புக்கு இங்கே வயது வரம்பு இல்லை. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை. பத்தாவது, பிளஸ் டூ முடித்து அதன்பின் பட்டம் வாங்கினீர்களா என்று மட்டும் சரிபாருங்கள். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தைப் பார் கவுன்சில் ஏற்பதில்லை. சட்டப் படிப்பைத் தபால் வழியில் படிக்கவும் முடியாது. வகுப்புக்குப் போக வேண்டும், வருகைப் பதிவு வேண்டும், வேலையில் இருந்தால் நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். நிரந்தர நைட் ஷிஃப்ட் கிடைத்தாலும் தூக்கத்தைக் கணக்கில் வைத்தே முடிவெடுங்கள்.

கிளாட்டில் ரேங்க் வராவிட்டால் என் கனவு அவ்வளவுதானா?
*பிளஸ் டூ மாணவி, ஊத்துக்கோட்டை*

உன் மாவட்டத்திலேயே ஒரு பதில் கட்டடமாக நிற்கிறது. 1891இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி, உயர் நீதிமன்ற வளாகத்தில் நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. 2008 நவம்பர் மாணவர் மோதலுக்குப் பின் நீதிபதி சண்முகம் ஆணையம் அதை இடம் மாற்றச் சொன்னது. 2018இல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து ஒன்று புதுப்பாக்கத்துக்கும் மற்றொன்று திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூருக்கும் வந்தது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் செலவு; இங்கே சில ஆயிரங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. டிசம்பரில் கிளாட், மார்ச்சில் பிளஸ் டூ. கிளாட்டுக்காகப் பள்ளிப் பாடத்தைக் கைவிடாதே. உன் இரண்டாவது நுழைவுத் தேர்வு பிளஸ் டூதான்.

நான் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன். நான் வக்கீல் ஆக முடியுமா?
*மாணவர், கும்மிடிப்பூண்டி*

தம்பி, உன்னிடம் மழுப்ப மாட்டேன். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 24, பதிவு செய்ய இந்தியக் குடியுரிமை கேட்கிறது. இந்திய வக்கீல்களை அனுமதிக்கும் நாட்டின் குடிமகன் என்றால் மட்டும் விலக்கு. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் அந்த உரிமையை உறுதி செய்தது. 1987 ஜூலைக்குப் பின் பிறந்த உன் போன்றோருக்குக் கதவு இன்னும் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. இங்கே பிறந்து, இங்கே படித்த பிள்ளையை நீதிமன்ற வாசலில் நிறுத்திவைப்பது அநியாயம். இது மாற வேண்டும். கல்லூரி விளம்பரத்தில் குடியுரிமை நிபந்தனையை முதலில் வாசி. சட்ட உதவி மையத்தில் உன் குடும்பத்தின் பிறப்புச் சான்றுகளைக் காட்டி ஆலோசனை கேள்.

எங்கள் பேட்டையில் எல்லோரும் இன்ஜினியரிங், டிப்ளமோ. சட்டம் படித்து இங்கே யாருக்கு என்ன பயன்?
*பிளஸ் டூ மாணவி, கும்மிடிப்பூண்டி*

இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதில்தான் வழக்குகள் நடக்கின்றன. உன் தெருவில் எத்தனை பேருக்கு அந்த 480 தெரியும்? ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து ரோலிங் மில்லில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு? இன்ஜினியர்கள் ஆலையை ஓட்டட்டும். அந்த ஆலையின் வருகைப் பதிவேட்டை வரி வரியாக வாசித்து நீதிமன்றத்தில் எடுத்துவைக்க, இதே ஊரில் பிறந்த வக்கீல்கள் வேண்டும். கீழ் நீதிமன்றங்களில் அதைத் தமிழிலேயே செய்யலாம். விண்ணப்பம் போடு, மகளே.