டைகர் கட்டிலுக்கு அடியில் இருக்கிறான்

டைகரின் அப்பா, தாம்பரம்: காப்பகத்திலிருந்து ஒரு நாட்டு நாயைத் தத்தெடுத்து, டைகர் என்று பெயரும் வைத்தோம். வந்த நாளிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான். எப்படி வெளியே கொண்டுவருவது?

கொண்டுவராதீர்கள். வீட்டிலேயே பத்திரமான இடத்தை வந்த அன்றே கண்டுபிடித்திருக்கிறான், கெட்டிக்காரன். பழைய போர்வை ஒன்றை உள்ளே தள்ளிவிடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வையுங்கள். கையை விட்டு இழுப்பது, குனிந்து எட்டிப் பார்த்து "டைகர் கண்ணா" என்று கொஞ்சுவது இரண்டும் வேண்டாம். பயந்த நாய்க்கு, கண்ணுக்குக் கண் பார்ப்பதும் மேலே கவிழ்வதும் மிரட்டல்தான்.

அதே அறையில் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். பாதித் தலையங்கத்தில் ஒரு வேகவைத்த கோழித் துண்டை அவன் பக்கம் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டுங்கள். தின்றால் கைதட்ட வேண்டாம், இன்னொரு துண்டு போதும். தின்னாவிட்டால் நீங்கள் கிட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். தள்ளிப் போய் உட்காருங்கள்.

பதற்றம் அடங்க மூன்று நாள், வீட்டு நடப்பு பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். தோராயம்தான். சில நாய்களுக்கு வருஷமும் ஆகும். பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். பெயரில் சிங்கம் வைத்துக்கொண்டு கரப்பான் பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறும் மனிதர்கள் எத்தனை பேர்!

மருமகள், மயிலாப்பூர்: பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் இன்னும் கூடிவிடும் என்கிறார் மாமனார். நிஜமா?

இல்லை. 'உட்கார்' என்றதும் உட்கார்ந்தால், அது செயல். அதற்குப் பரிசு கொடுத்தால் மறுபடி செய்யும். பயம் அப்படி இல்லை. இடி இடிக்கும்போது யாராவது உங்கள் கையில் ஒரு முறுக்கைத் திணித்தால், அடுத்த இடிக்கு இன்னும் நன்றாகப் பயப்படலாம் என்றா திட்டம் போடுவீர்கள்?

ஒரே நிபந்தனை, நாயே வந்து ஒட்ட வேண்டும். மூன்று வினாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மூக்கால் இடித்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விட்டால், 'போதும்' என்கிறது. துரிட் ருகாஸ் என்ற நார்வேப் பயிற்சியாளர் இந்தச் சின்னச் சைகைகளைத் தொகுத்து எழுதிய பிறகுதான் பலரும் கவனிக்க ஆரம்பித்தார்கள். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சிலோ தாடைக்கு அடியிலோ தடவுங்கள். இதையெல்லாம் மாமனாரிடம் விளக்கும்போது அவர் முகத்தையும் பாருங்கள். கொட்டாவி வந்தால் நிறுத்திவிடுங்கள்.

முள்ளை முள்ளால், ஈரோடு: பயத்தை நேருக்கு நேர் சந்தித்தால்தான் போகும். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் என்ன?

ஒரு மணி நேரத்தில் நாய் அசையாமல் நிற்கும். பழகிவிட்டது என்று நினைப்பீர்கள். அது உறைந்துபோய் நிற்கிறது.

அளவுக்கு மீறி மிரண்ட நாய்க்கு என்ன ஆகும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் நேவா ஆறு பொங்கி, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வக நாய்க் கூண்டுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மூழ்கும் தறுவாயில் நாய்களைக் காப்பாற்றினார்கள். அவற்றில் சில, மாதக்கணக்கில் பழகியிருந்த பாடங்களையெல்லாம் தொலைத்திருந்தன. மெல்லத் தேற்றினார்கள். பிறகு, தேறிய ஒரு நாய் இருந்த அறைக் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான், பழைய கலக்கம் திரும்பிவிட்டது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரிலோ வேளச்சேரியிலோ இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பஸ் ஸ்டாண்டு இருக்கட்டும், உங்கள் தெரு பைக்கிலிருந்து ஆரம்பியுங்கள். பைக் கண்ணில் படும், ஆனால் நாய் பதறாது. அந்தத் தூரத்தைக் கண்டுபிடித்து அங்கே நில்லுங்கள். பைக் தெரிந்ததும் ஒரு துண்டு ஈரல். பைக் போனதும் ஈரலும் நின்றது. வரிசை மாறக் கூடாது. பைக் முதலில், ஈரல் அடுத்து. ஈரலைக் காட்டிய பிறகு பைக் வந்தால், ஈரலே கெட்ட சகுனமாகிவிடும். அதன்பின் பையைத் திறந்தாலே நாய் ஓடும். ஈரலைக்கூடத் தொடாவிட்டால் தூரம் போதவில்லை, பின்னால் நகருங்கள். பைக் சத்தம் கேட்டதும் நாய் 'எங்கே என் ஈரல்' என்று உங்களைத் திரும்பிப் பார்க்கும் நாள் வரும். அதற்குப் பிறகு இரண்டு அடி முன்னால் போகலாம்.

நடைப்பயிற்சிக்காரர், திருச்சி: கழுத்து பெல்ட் போதுமா?

போதாது. மிரண்ட நாய் பின்பக்கமாக இழுத்து, தலையை உருவிக்கொண்டு போய்விடும். தத்தெடுத்த புதிதில் நாய்கள் பலவும் தொலைவது இப்படித்தான். உடலோடு சேர்ந்த ஹார்னஸ் ஒன்று, பெல்ட் ஒன்று, இரண்டிலும் கயிறு, பெல்ட்டில் உங்கள் போன் நம்பர். தப்பி ஓடினால் துரத்தாதீர்கள். துரத்தினால் அது ஜெயிக்கும்.

பாட்டி, ஸ்ரீரங்கம்: பேரன் கொண்டுவந்த நாய் என்னைக் கண்டால் ஒதுங்குகிறது. சர்க்கரைப் பொங்கல் கொடுத்துச் சிநேகம் பிடிக்கலாமா?

பொங்கலில் இருக்கும் திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். சாக்லேட், வெங்காயம் போட்ட பதார்த்தங்களும் ஆகாது. பனீர்த் துண்டு கொடுங்கள், இட்லி விள்ளலும் நல்லது. கையில் வைத்து நீட்டாமல் தரையில் போட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்குப் பூத்தொடுங்கள். சிநேகம் தானாக வரும்.

டீக்கடை ஞானி, மதுரை: எங்கள் டீக்கடை வாசலில் ஒரு தெரு நாய், ஆட்டோ மோதுகிற மாதிரி வந்தாலும் தூக்கம் கலையாது. அதே தெருவில் எடுத்த என் நாய் தட்டு விழுந்தால் நடுங்குகிறது. யாரோ அடித்திருப்பார்களோ?

அடித்திருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் அதைவிடச் சாதாரணமானது. அது குட்டியாக இருந்தபோது எதையுமே பார்த்திருக்காது. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை நாய்க்குட்டி உலகத்தைப் பார்த்துப் பழகும் பருவம். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து பார் ஹார்பர் ஆய்வகத்தில் சில குட்டிகளை 14 வாரம் வரை மனிதர் பழக்கமே இல்லாமல் வேலி போட்ட வெளியில் வளர்த்துப் பார்த்தார்கள். 1961-ல் வெளியான முடிவு: அதற்குப் பிறகு எவ்வளவு கொஞ்சியும் அவை மற்ற குட்டிகளைப் போல மனிதரோடு ஒட்டவில்லை. பயந்த சுபாவம் பரம்பரையாகவும் வரும்.

உங்கள் டீக்கடைக்காரன் பெஞ்சுக்கு அடியில் நூறு கால்களுக்கு நடுவே வளர்ந்திருப்பான். இன்னொன்றையும் கவனியுங்கள். அவனுக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து எதிர்ப்பக்கம் போய்ப் படுத்துக்கொள்வான், யார் கேட்பது? உங்கள் நாய்க்குப் பாவம், சங்கிலியும் நான்கு சுவரும். விலகிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்த நாய்தான் கிட்டே வரத் துணியும்.

பயிற்சி ஆர்வலர், நாகர்கோவில்: தைரியம் வருவதற்கென்றே ஏதாவது விளையாட்டு உண்டா?

ஒரு அட்டைப்பெட்டி போதும். மூடியைக் கிழித்துவிட்டு, பக்கங்களை மடித்துத் தட்டையாக்கி, நடுவில் நாலு முட்டைத் துண்டுகள் போட்டுவிட்டு அறையின் மறு மூலைக்குப் போய்விடுங்கள். முதல் நாள் கழுத்தை மட்டும் நீட்டும். பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராகக் கதவைப் பார்த்தே நிற்கும். இருக்கட்டும். பின்னங்காலும் முன்னால் வந்த பிறகு பெட்டியின் பக்கங்களை நிமிர்த்துங்கள். அடுத்து உள்ளே கசக்கிய பேப்பர் உருண்டைகள். சரசரக்கும், திடுக்கிட்டுப் பின்வாங்கும், பிறகு மூக்கு ஜெயிக்கும். பேப்பருக்குப் பதில் காலி பிளாஸ்டிக் பாட்டில், கடைசியில் ஒரு எவர்சில்வர் தட்டு. தன் காலால் தானே கிளப்பிய சத்தம், கிளப்பினால் முட்டை கிடைக்கிறது. சமையலறையில் கரண்டி விழுந்தால் நடுங்கிய நாய்க்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. உதவுகிறேன் என்று நடுவில் போய்ப் பெட்டியைக் கவிழ்த்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் கைவைக்காத பெற்றோர் என்று பெயர் வாங்க இது ஒரு வாய்ப்பு.

அதட்டல் பேர்வழி, கோவை: கிட்டே போனால் உறுமுகிறது. ஒரு போடு போட்டால் அடங்குமா?

உறுமல் அடங்கும், பயம் அடங்காது. அடுத்த முறை முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும். உறுமினால் விலகுங்கள், எதற்கு உறுமியது என்று குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அதனோடு தனியே விடாதீர்கள். திடீரென்று உறுமத் தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் எதுவாகவும் இருக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசி பாக்கி வைக்கவே கூடாது. பல் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிவகாசிக்காரன், சென்னை: தீபாவளிக்கு என்ன செய்வது? என் ஊரே எனக்கு எதிரி.

உங்கள் ஊருக்கு வருமானம், உங்கள் நாய்க்கு வயிற்றோட்டம். நமக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு காது நின்றுவிடும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். ஆடியிலேயே வேலையைத் தொடங்குங்கள். வெடிச் சத்தப் பதிவைக் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு வைத்து, கூடவே கோழித் துண்டு. தமிழ்நாட்டில் 2018-லிருந்து வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஊர் அதைப் பார்த்தா வெடிக்கிறது? விடிவதற்கு வெகு முன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் போட்டு, அது குளியலறையில் போய் ஒடுங்கினால் அங்கேயே விடுங்கள். மிகவும் தவிக்கும் நாய்க்கு மாத்திரை உண்டு. மருத்துவர் எழுதித்தர வேண்டும், முதல் வெடிக்கு முன்பே உள்ளே போக வேண்டும். உங்கள் தலைவலி மாத்திரை அதில் சேராது.

கணவர், சேலம்: மனைவியிடம் வாலாட்டுகிறது, என்னைக் கண்டால் ஓடுகிறது. என்னிடம் என்ன குறை?

கனத்த குரல், தொம் தொம் என்று நடை, தலையில் ஹெல்மெட். ஹெல்மெட்டை வாசலிலேயே கழற்றுங்கள். வீட்டுக்குள் வந்ததும் நேராக அதனிடம் போகாமல் வளைந்து போய் உட்காருங்கள். சோறு வைக்கும் வேலையை இன்றிலிருந்து மனைவியிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பு எதுவும் வராது என்று நினைக்கிறேன்.